கணப்பை அவித்த எயினியின் பொருட்டு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மழை பிழையாதொழிக. மலைமேல் பனியும் மலைக்கீழ்த் தினையும் வேண்டும் பொழுதில் வேண்டும் அளவே வந்து வாய்க்க.

சேவல் பொறித்த கொடி உயர்த்தி, முகில் தவழும் கணவாய்கள் அனைத்தையும் காத்து, வழக்கென்று வந்தவர் எவராயினும் செவிசாய்க்காமல் அனுப்புவதில்லை என்று நாடெல்லாம் சொல்லும்படி முறைசெய்து வீற்றிருக்கும் மஞ்சுவரை நாட்டு வேந்தர், குன்றவேள் திண்கோடனார் திருமுன்பு, செம்பரல் நாட்டு அரசர் பரிதிக்கோவின் தேவியும் தங்கள் திருமகளுமாகிய நறுவீ அடிபணிந்து விடுக்கும் ஓலை. இங்கே அரசரும் குடிகளும் நலம். அங்கே தாங்களும், என் அன்னையாரும், தம்பியரும், மலைக்குடிகள் யாவரும் நலமென்று அறிய விழைகின்றேன்.

இவ்வோலையை எங்கள் ஓலைநாயகத்திடம் சொல்லி எழுதுவிக்கவில்லை. அவர் நல்லவர்; ஆனால் கசப்பான சொல் ஒன்றைக் கண்டால் அதன்மேல் ஒரு பிடி வெல்லத்தைத் தூவாமல் இருக்க அவருக்கு மனம் வராது. ஆகவே எழுத்தாணியை நானே பிடித்தேன். எழுத்து சில இடங்களில் கோணியிருக்கும்; பொறுத்தருள்க.

தங்கள் இரண்டாம் திருமுகம் வந்து சேர்ந்தது. என் செவிலித்தாய் எயினி, பிறந்தகத்திலிருந்து வந்த கணப்புத் தணலை நீரூற்றி அவித்தாள் என்றும், அதனால் மகட்கொடைக் குஞ்சுகள் மடிந்தன என்றும், அவளை இங்கே தங்கியிருக்கும் மலைப்படைத் தலைவர் ஏனாதி கடம்பன் சாத்தனார் வசம் ஒப்பித்துக் கொடுமுடிப் பாறைக்கு அனுப்புக என்றும் அதில் கட்டளை இருக்கிறது. அப்பாறையிலிருந்து தள்ளப்பட்டவர் எவரும் மீண்டதில்லை. நான் உயிரோடு இருப்பதற்குக் காரணமான பாலை எனக்குக் கொடுத்தவளை அங்கே அனுப்பச் சொல்லிவிட்டு, அடியில் தங்கள் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: முறைக்குப் பருவம் இல்லை என்று.

என் முதல் ஓலையில் நான் மன்றாடினேன். நடந்ததை நடந்தபடி சொல்லவில்லை. அழுதுகொண்டு எழுதினால் அப்படித்தான் ஆகும். இப்போது கண் உலர்ந்திருக்கிறது. சாத்தனார் விடுத்த செய்தியை மட்டும் கொண்டு தாங்கள் தீர்ப்பளித்திருக்கிறீர்கள். ஒரு கண்ணால் பார்த்தால் தூரம் தெரியாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் தாங்களே. மற்றக் கண்ணாக என்னைக் கொண்டு இதைப் படித்தருள வேண்டும்.

நம் குலத்தில் மகளை மணம்முடித்து அனுப்புகையில், அரண்மனைப் பேடு அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளை அவளோடு அனுப்புவதும், பிறந்தக அடுப்பின் தணலைச் சட்டியில் இட்டு அவற்றின் அருகே வைப்பதும், இறகு முளைக்கும்வரை அத்தணலை அவியாமல் காப்பதும் வழக்கம். குஞ்சுகள் தழைத்தால் மகளின் இல்லறமும் தழைக்கும் என்று நம்புகிறோம். அதுவரை மகள் அவை வாழும் மனைக்குள் கால் வைப்பதில்லை. தணலை அவித்தவருக்குப் பாறை. இம்முறையை வகுத்த நம் மூதாட்டியார், ஒரு பனிக்காலத்தில் தம் கோழிக்குலம் முழுவதும் விறைத்துக் கிடந்ததைக் கண்டு மனம் பொறாமல் வகுத்தார் என்பதை நான் தொட்டிலிலேயே கேட்டிருக்கிறேன். அது இரக்கத்தில் பிறந்த முறை. அதை நான் இகழவில்லை.

ஆனால் அப்பெருமாட்டியார் செம்பரல் நாட்டைக் கண்டவர் அல்லர். தாங்களும் கண்டதில்லை. இங்கே கிணற்றடியில் சிந்திய நீர், குடத்தை இடுப்பில் ஏற்றுமுன் உலர்ந்துவிடும். இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களே உச்சிப்பொழுதில் வெறுங்காலோடு முற்றத்தைக் கடக்க மாட்டார்கள். இங்குள்ள நாய்கள் பகலில் குரைப்பதில்லை. குரைப்பதற்கு வாயைத் திறந்தால் மூச்சிரைக்கத்தான் அவற்றிற்கு நேரம் இருக்கிறது. நான் வந்த புதிதில் இதையெல்லாம் கண்டு சிரித்தேன். இந்நாட்டுப் பெண்கள் என்னைக் கண்டு சிரித்தார்கள்; மலையிலிருந்து கம்பளிப் பொதியோடு வந்த மணமகள் இவளாகத்தான் இருப்பாள் என்றார்கள். அது நல்ல சிரிப்பு.

மணவுடன்படிக்கையின்படி மகட்கொடை மனையை மலைத்தச்சர்கள் வந்து கட்டினார்கள். நம் ஊரில் எப்படிக் கட்டுவார்களோ அப்படியே கட்டினார்கள்: தாழ்ந்த கூரை, தடித்த சுவர், சாளரம் இல்லை, ஓர் எறும்பு நுழையும் இடுக்கு இருந்தாலும் அதையும் மண் குழைத்துப் பூசி அடைத்தார்கள். பனிக்காற்று புகக்கூடாதாம். பனி என்ற சொல்லையே பாட்டில் மட்டும் கேட்டிருக்கும் இந்நாட்டார், கூடிநின்று வேடிக்கை பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். விருந்தின்போது ஏனாதியிடம், இங்கே வெயில் போதாதென்றா குஞ்சுகளுக்குத் தீயும் மூட்டப் போகிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். ஏனாதியின் முகம் சிவந்துவிட்டது. மலைமுறையைப் பற்றி விளையாட்டாகப் பேசுவது மணவீட்டார்க்கு அழகன்று என்று அவர் விடையிறுத்தார். என் கணவர் உடனே பொறுத்தருளக் கேட்டார். அதன்பின் அந்த மனையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மரியாதை கருதி அவர் காத்த அந்த மௌனத்தை நினைத்து அவர் இன்றும் தம்மை நொந்துகொள்கிறார்.

நாங்கள் வந்திறங்கியபோது கோடை முதிரவில்லை. குஞ்சுகள் உமிப்பரப்பில் அங்குமிங்கும் ஓடி, தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நன்றாகவே இருந்தன. வாயிலில் நின்று அந்த ஒலியைக் கேட்டுவிட்டுப் போவது என் அன்றாட வழக்கம். பிறந்தகத்திலிருந்து வந்த குரல் எனக்கு அது ஒன்றுதான். பின்பு ஒரு காலைப்பொழுதில் காற்று நின்றது. வானம் வெளுத்தது. குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

இங்கேதான் நம்மவர் பிழைசெய்தார்கள். வேறு எந்த நாட்டாரும் இப்படிப் பிழைசெய்திருக்க மாட்டார்கள். மலையில் குஞ்சு கத்தினால் அதற்கு ஒரே பொருள்: குளிர்கிறது என்பது. கத்தாமல் அடங்கினால் சூடு கண்டது, சுகமாயிருக்கிறது என்பது. நடக்கப் பழகுமுன் நாம் எல்லோரும் அறிந்துகொள்ளும் செய்தி அது. ஏனாதியும் அறிந்தவர்தாம். ஆதலால் கத்திய குஞ்சுகளுக்கு இரங்கி, சட்டியில் தணலைக் கூட்டினார். கதவிடுக்கிலும் கம்பளியைச் செருகினார். குஞ்சுகள் இன்னும் உரக்கக் கத்தின. இன்னும் தணல் இட்டார். பின்பு அவை அடங்கின.

ஓசை அடங்கியதும் மலைவீரர்கள் மகிழ்ந்தார்கள். தேனும் தினைமாவும் பகிர்ந்து உண்டார்கள். நானும் வாயிலில் நின்று அந்த அமைதியைக் கேட்டேன். கேட்டு மகிழ்ந்தேன், அப்பா. உள்ளே ஓடிப்போய் என் கணவரிடம், என் குஞ்சுகள் இந்நாட்டோடு இணங்கிவிட்டன, இனி நானும் இணங்கிவிடுவேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். நாங்கள் இருவரும் மகிழ்ந்திருந்த அதே பொழுதில் அவை உள்ளே வெந்துகொண்டிருந்தன.

தண்ணீர் வைக்கப் போனவள் எயினி. உள்ளே போனவள் உடனே சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவை அகலத் திறந்துவிட்டாள். கொஞ்சநேரத்தில் குஞ்சுகளின் பழைய முணுமுணுப்பு கேட்டது. ஏனாதி வந்தார், சட்டி வெளியே இருப்பதைக் கண்டார், அதை மீண்டும் உள்ளே வைத்துக் கதவை அடைத்தார். முதுமையால் அறிவு மழுங்கியதோ என்று எயினியைக் கடிந்தார். எயினி என்னிடம் ஓடி வந்தாள். அவள் சொன்னது அரச ஓலையில் ஏறத்தக்க பேச்சன்று. ஆயினும் அதைத் திருத்தி எழுத எனக்கு உரிமை இல்லை. அவள் சொன்னபடியே பொறிக்கிறேன்.

"ஏ கண்ணு, கத்தாத குஞ்செல்லாம் சொகமா இருக்குன்னு நெனச்சிட்டீங்களா எல்லாரும்? அதுகளுக்குக் கத்தச் சீவனில்லடி. வாயப் பொளந்துகிட்டு, றெக்கைய விரிச்சிகிட்டு, செவுத்தோரமாப் போயி ஒட்டிக்கிட்டுக் கெடக்குதுக. தீ ஒரு பக்கம்னா அதுக மறுபக்கம். அதுகளா வந்து சொல்லணுமா, வேகுதுன்னு?"

நான் அவளோடு விரைந்து சென்று, கணப்பை எடுத்துவிடும்படி ஏனாதியை வேண்டினேன். அவர் மறுத்தார். முதலில் பணிவாக மறுத்தார். மகட்கொடை மனைக்குள் மலைமுறையே செல்லும் என்பதும், அங்கே செம்பரல் அரசரும் கட்டளையிட இயலாது என்பதும் உடன்படிக்கையில் உள்ளதை எடுத்துக்காட்டினார். குஞ்சுகள் பிழைக்க வேண்டும் என்பதில் தமக்கு என்னைவிடக் குறைந்த அக்கறை இல்லை என்றார். அது மெய்தான். தம் பேரப்பிள்ளைகளைப் போல் அவற்றைக் கணவாய் முழுதும் தம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். நாங்கள் வாயிலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது எயினி எங்கள் பின்னால் நுழைந்துவிட்டாள். உள்ளிருந்து நீர் விழுந்து தணல் சீறும் ஒலி கேட்டது. புகை வந்தது. அதன்பின் எயினி வந்தாள், சேலைத் தலைப்பில் உயிருள்ள குஞ்சுகளை ஏந்திக்கொண்டு.

மகள் நுழையலாகாது என்னும் முறையை அப்போது நானும் மீறினேன். அதற்குத் தண்டனை உண்டாயின் அதையும் அறிவித்தருள்க. உள்ளே கண்டதை எழுதுகிறேன். பாதிக்கு மேற்பட்டவை மடிந்து கிடந்தன. சட்டிக்கு அருகில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எதிர்ச்சுவரின் அடியில் கிடந்தன. மலைத்தச்சர் பூசிய மண் ஓரிடத்தில் உலர்ந்து பிளந்திருந்தது. அந்தப் பிளவில் அலகைச் செருகி, வெளிக்காற்றைத் தேடியபடியே இரண்டு செத்திருந்தன. நான் அவற்றை எடுத்தேன். அவை கையைச் சுட்டன.

ஏனாதி எயினியைச் சிறைசெய்தார். தணல் அவிக்கப்பட்டது, குஞ்சுகள் மடிந்தன என்று தங்களுக்குச் செய்தி விடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பிறந்த மண்ணில் தணல் அவிந்தால்தான் குஞ்சு மடியும். ஆகவே முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் அவர் நெஞ்சு தானாகவே அடுக்கிக்கொண்டது. அவர்மேல் எனக்குச் சினம் இருந்தது. இப்போது இல்லை. மலைமுறைச் சிறைக்கு இந்நாட்டில் வேறு இடம் இல்லாமையால் எயினியை அந்த மனைக்குள்ளேயே அடைக்க வேண்டியதாயிற்று. முதல்நாள் பகலில் அவள் உள்ளே மூச்சுத் திணறும் ஒலி கேட்டதும், ஏனாதியே தம் உடைவாளை உருவிச் சுவரைக் குத்திப் பெயர்த்து ஒரு சாளரம் செய்தார். சிறையில் வைக்கத்தான் முறை சொல்கிறது, அவிக்கச் சொல்லவில்லை என்று எவரிடமோ சண்டை பிடிப்பவர்போல் சொன்னார். அதன்பின் அவர் சரியாக உண்பதில்லை. ஆயினும் அவர் ஆணைக்குக் கட்டுண்டவர். தங்கள் கட்டளைப்படி எயினியை அழைத்துப் போவார். போகும் வழியெல்லாம் அழுவார்.

பிழைத்தவை இன்று எப்படி இருக்கின்றன என்று தாங்கள் வினவவில்லை. வினவாவிடினும் சொல்கிறேன், ஏனெனில் எயினிக்கு வேறு சாட்சி இல்லை. வேப்பமர நிழலில் பனையோலைப் பந்தலிட்டு, நாற்புறமும் காற்று வர விட்டு, வெயில் சாயும் பக்கம் மட்டும் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு அதை நனைத்துக்கொண்டிருக்கிறோம். நீர் தட்டியின்மேல்தான், குஞ்சுகளின்மேல் ஒரு துளி படக்கூடாது என்று எயினி சாளரத்திலிருந்து கத்துகிறாள். நனைந்த குஞ்சு கோடையிலும் நடுங்கிச் சாகுமாம். அகல்களில் கூழாங்கல் இட்டு நீர் வைக்கிறோம், விழுந்து முழுகாதபடி. வெயில் ஏற ஏற நீரை மாற்றுகிறோம். நெருக்கியடித்து அடைப்பதில்லை. விடியலுக்கு முன் இங்கும் சற்றுக் குளிரும்; அப்போது மட்டும் பந்தலின் ஒரு மூலையில் சிறு கணப்பு உண்டு. வேண்டியது அதன் அருகே போகும், வேண்டாதது விலகிப் படுக்கும். கணப்பை ஒட்டிக் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்து முணுமுணுத்தால் நலம். குஞ்சைப் பார்த்துத் தீயை வைக்க வேண்டுமேயன்றித் தீயை வைத்துவிட்டுக் குஞ்சைப் பாராதிருக்கலாகாது. இவ்வளவுதான் எயினி செய்த குற்றம். அவள் பார்த்தாள்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று தங்கள் திருமுகத்தில் கேட்டிருந்தீர்கள். பிறந்தகத்துத் தணல் பிறந்தகத்துக் குஞ்சைக் கொல்லாது என்பது தங்கள் கருத்து. கோழி மிதித்தால் முடமாகாது என்பது எனக்கும் தெரியும். ஏனெனில் கோழி காலடியில் குஞ்சு இருப்பதை அறிந்து மிதிக்கிறது. குஞ்சு துடித்தால் காலைத் தூக்குகிறது. நாம் காலைத் தூக்கவில்லை. மற்றொரு பேட்டின் குஞ்சுகளையும் புதிய தணலையும் இப்பருவத்திலேயே அனுப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். தங்கள் அன்பை நான் அறிவேன். தேனடை கிடைத்தால் முதல் துண்டு நறுவீக்குத்தான் என்று தாங்கள் அடம்பிடித்ததும், ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது தங்கள் மார்பிலேயே என்னைப் போர்த்திக்கொண்டு அவைக்கு வந்ததும் எனக்கு மறக்கவில்லை. அப்படி எனக்குக் கணகணப்பைக் கொடுத்த கையே எயினியைப் பாறைக்கு அனுப்பும் ஓலையில் இலச்சினை இட்டதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனைக்கும் அடிசறுக்கும், சறுக்கிய ஆனையை யாரும் பழிப்பதில்லை. சறுக்கிய இடத்திலேயே நின்று அதுவே வழி என்று சாதித்தால்தான் பின்னால் வருபவர் எல்லாம் விழுவார்கள்.

இவ்வளவும் எழுதியபின் தங்கள் மனம் மாறும் என்று காத்திருக்க எனக்கு ஆசை. ஆனால் காத்திருக்க இடமில்லை. தங்கள் திருமுகம் என் கை சேர்ந்த மறுநாளே எயினியோடு புறப்படுக என்று ஏனாதிக்குத் தனித்திருமுகம் வந்திருக்கிறது. அவர் அதை என்னிடம் காட்டினார். காட்டக் கூடாததைக் காட்டினார். இதற்காக அவரைத் தாங்கள் முனியலாகாது.

என் கணவர், மனையை இடித்து எயினியை விடுவிக்கிறேன், உடன்படிக்கை முறிந்தால் முறியட்டும், கணவாயில் வந்து பொருதால் பொருவோம் என்றார். கோபத்தில் சொன்னாலும் செய்யக்கூடியவர்தாம். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தடுத்தேன். ஒரு கிழவியைக் காக்க இரு நாட்டுப் பிள்ளைகளும் கணவாயில் கிடந்து மடிந்தால், அதை எயினியே பொறுக்க மாட்டாள். அவளை இரவில் ஓடிப்போகச் சொல்லிப் பார்த்தேன். தான் ஓடினால் ஏனாதியின் தலை போகுமே என்று மறுத்துவிட்டாள். தன்னைச் சிறைவைத்தவனுக்காக இரங்கும் இவளைத்தான் தாங்கள் முறை அறியாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே உடன்படிக்கையை நானே எடுத்துப் படித்தேன். மணநாளில் அதைப் படித்தார்கள். அப்போது நான் மாலையின் கனத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. இப்போது கேட்டேன். நறுவீ தாய்மனை வளையை அணிந்திருக்குங்காறும் அவளும் அவளோடு வந்த பரிசனமும் மலைமுறைக்கு உட்பட்டோர் என்று அதில் இருக்கிறது. அவ்வளையைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டால், அவளும் அவள் பரிசனமும் செம்பரல் நாட்டுக் குடிகள். மலைமுறை அவர்களைத் தொடாது. ஆனால் அப்படிக் கழற்றியவள் மலைக்கு மகள் அல்லள். கணவாயைத் தாண்டி ஒருநாளும் வரலாகாது. நல்லதற்கும் இல்லை, கெட்டதற்கும் இல்லை. பெற்றவர்க்கு வாய்க்கரிசி இடவும் இல்லை.

என் கணவர் வேண்டாம் என்று மன்றாடினார். எயினி சாளரத்தின் வழியே என்னைத் திட்டினாள். இதுவரை நான் அவளிடம் வாங்காத வசவு. கிழ உடம்பு, இன்னும் எத்தனை மழையைப் பார்க்கப் போகிறது, இதற்காகப் பெற்ற வயிற்றை அறுத்துக்கொள்ளாதே என்று அழுதாள். நான் இருவர் சொல்லையும் கேட்கவில்லை. வளை கழலவில்லை. மணநாளில் தாங்கள் அணிவித்தபோது அளவாயிருந்தது. இந்நாட்டு வெயிலில் கை வீங்கியிருக்கிறது. எண்ணெய் தடவிக் கழற்றினோம். கழன்றபின் அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது.

என் அன்னையாருக்கு இதைத் தாங்களே சொல்ல வேண்டும். வேறு எவர் வாயிலிருந்தும் அவர் கேட்கலாகாது. வரும் தினையறுப்புக்கு நான் வருவேன் என்று அவர் எனக்காகத் தனியே கதிர்களை நிறுத்தி வைத்திருப்பார். அவற்றை அறுத்துவிடச் சொல்லுங்கள். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லுங்கள். அவர் முகத்தை இனிக் காண மாட்டேன் என்பதை எழுதும்போது எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிட்டது. அவ்விடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தால் அதுவே காரணம்.

இனி எழுதுவது, செம்பரல் நாட்டு அரசி மஞ்சுவரை வேந்தருக்கு அறிவிப்பது.

தாய்மனை வளை பட்டில் பொதிந்து இவ்வோலையோடு ஏனாதி கடம்பன் சாத்தனார் கையில் ஒப்பிக்கப்பட்டது. இது அவர் கை சேர்ந்த பொழுதிலிருந்து எயினி என்பாள் செம்பரல் நாட்டுக் குடி. அவளைக் கேட்கவோ தண்டிக்கவோ மலைமுறைக்கு இனி உரிமை இல்லை. ஏனாதி தம் ஆணையில் ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை என்பதற்கு இவ்வரசி சாட்சி; அவருக்கு ஓர் இழுக்கும் நேரலாகாது என்பது எம் வேண்டுகோள். மகட்கொடை மனையின் சுவர்கள் இன்று இடிக்கப்படும். உயிர்பிழைத்த குஞ்சுகள் எம்மிடமே இருக்கும். வளை போனதால் அவை மகட்கொடை அல்ல, வெறும் கோழிக்குஞ்சுகளே. ஆகவே அவற்றைக் குறித்து இரு நாட்டிற்கும் வழக்கு இல்லை. இனி எந்த மலைமகளைக் கோடையில் கீழ்நாட்டுக்கு மணம்முடித்து அனுப்பினும், தணலோடு அதை விலக்கிவைக்கும் உரிமையையும் செவிலியிடம் கொடுத்தனுப்புக. இது எம் கட்டளை அன்று. தங்களுக்குக் கட்டளையிட எமக்கு ஒரு காலத்திலும் தகுதி இல்லை.

இரு நாட்டு எல்லையும் இப்போது இருப்பதுபோல் அமைதியாக இருக்க. கணவாயில் வணிகரும் ஆடுகளும் அஞ்சாமல் நடக்க. இதற்குச் சாட்சியாகச் செம்பரல் நாட்டு இலச்சினையை முதன்முறையாக என் கையாலேயே அரக்கில் பதித்தேன். இது அரசி நறுவீயின் கைச்சாத்து.

மறுவோலை விடுக்கத் திருவுளமாயின், செம்பரல் நாட்டு அரசிக்கு என்று மட்டும் மேலே எழுதுவித்தருள்க. மகளே என்று எழுதினால் அதைப் பிரித்துப் படிக்கும் உரிமை எனக்கு இல்லை. பிரிக்காமல் வைத்திருக்கும் வலிமையும் எனக்கு இல்லை.